ஆறு கம்பியைத் தாங்கும் பசை

ஊரூர் குப்பத்தில் ஜான்சியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் மாதா கோயில் சாமியார். இன்னொருவன் அவள் புருஷன் டில்லிபாபு. சாமியார் ஊருக்கே பெரியவர், அவரை விடுங்கள். டில்லிபாபு விஷயம் வேறு. கையில் இழைப்புளி இருந்தால் அவன் காதில் இடி விழுந்தாலும் விழாது. பெண்டாட்டி பேச்சு எம்மாத்திரம்?

அப்பேர்ப்பட்டவன் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மடியில் கிடந்தது அவன் செய்த நாலாவது கிட்டார். மயிலாப்பூரில் இடித்த ஒரு வீட்டின் ஈட்டிமரக் கட்டிலை வாங்கி, அறுத்து, இழைத்து, வளைத்து, மூன்று மாதம் உயிரைக் கொடுத்துச் செய்தது. வாங்கிப்போன கீர்த்தி ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிற பெண். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. பாவம், அழுகிற மாதிரி இருந்தாள்.

"சாஸ்திரி நகர்ல ஃப்ரெண்டாத்துல சாப்பிட்டுட்டு வந்தேன் அண்ணா. கார் வெயில்ல நின்னுண்டிருந்தது. ஒரு மணி நேரம்தான். எடுத்துப் பார்த்தா இப்படி எழும்பிண்டு நிக்கறது."

எழும்பி நின்றது பிரிட்ஜ். கிட்டாரின் வயிற்றுப் பலகையில் ஒட்டியிருக்குமே ஒரு சின்னக் கட்டை, கம்பிகளின் அடிமுனையெல்லாம் பூட்டியிருப்பது, அதுதான். ஜான்சி தன் பர்ஸிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து அந்தக் கட்டைக்கு அடியில் நுழைத்துப் பார்த்தாள். முழு டிக்கெட்டும் உள்ளே போய்விட்டது.

"இன்னாய்யா இது, தபால் பெட்டி மாதிரி வாயத் தொறந்துகினு கீது," என்றாள்.

டில்லிபாபு அந்த டிக்கெட்டை வெளியே இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பசை இளகிடிச்சி. அலமாரிக்குப் போடற வெள்ளப் பசையத்தான் போட்டேன். பதினஞ்சு வருஷமா கையில பழகினது. அலமாரி சும்மா நிக்கும். இது அப்பிடியா? ஆறு கம்பியும் சேந்து ஒரு ஆளு எடைக்கு இழுத்துகினே கீது. ராவும் பகலும் இழுக்குது. நான் அத்த யோசிக்கல."

"ஞாயித்துக்கிழமை ஆழ்வார்பேட்டைல எனக்கு ப்ரோக்ராம்," என்றாள் கீர்த்தி. "இதுல வாசிச்சுத்தான் பாட்டெல்லாம் பண்ணியிருக்கேன். வேற கிட்டார் எடுத்துண்டு போக மனசு வரலை. சனிக்கிழமைக்குள்ள சரியாகுமா அண்ணா?"

ஆகும் என்று ஜான்சி சொன்னாள். டில்லிபாபு பிரிட்ஜைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீர்த்தி போன பிறகுதான் வாயைத் திறந்தான். "நாவலூர் கிச்சன் கம்பெனில மதிவாணன் சாரு திங்கக்கிழம வேலைக்கு வரச் சொல்லிகினே கீறாரு. இது நிக்கலன்னா நான் போய்டறேன் ஜான்சி. நாலு கிட்டாரு செஞ்சாச்சு. ஆசை தீந்துச்சுன்னு வெச்சுக்கலாம்."

அவனை ஜான்சிக்குத் தெரியாதா? பதினைந்து வருஷம் ஊரார் சமையலறைக்கு லேமினேட் ஒட்டிவிட்டு, சாவி கொடுத்த பொம்மையாக வீட்டுக்கு வந்தவன். முதல் கிட்டாரை முடித்த அன்று குளித்துக்கொண்டே பாடினான். சுருதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் அந்த ஆள் பாடி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்படிப் பாடியவனைத் திரும்ப லேமினேட் ஒட்ட அனுப்பிவைக்க அவளுக்கு இஷ்டமில்லை.

"சனிக்கிழமைக்கு நாலு நாளு கீது," என்றாள். "நாளைக்குக் கெளம்பு. பசை வாங்கியாருவோம்."

மறுநாள் மீன் கூடையைச் சீக்கிரமே விற்றுக் காலி செய்துவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு தி. நகர் போனாள். பனகல் பார்க்குக்குப் பின்பக்கம் அப்துல் சமத்தின் ஹார்டுவேர் கடை. ஒட்டுகிற சாமான் என்று உலகத்தில் எதுவெல்லாம் உண்டோ அதெல்லாம் அங்கே டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும். பாய்க்கு வியாபாரத்தைவிடப் பேச்சுதான் உயிர். கிட்டார் என்று கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"வெள்ளையா போட்டே? போச்சு. வெயில்ல வெண்ணெய்ம்மா அது. இந்தா, மஞ்சள். இது கொஞ்சம் தேவலாம். நிறையப் பேரு இதத்தான் போடறாங்க."

"கார் சூட்டுக்கு நிக்குமா பாய்?" என்றான் டில்லிபாபு.

"நிக்கும்னும் சொல்லலாம், நகரும்னும் சொல்லலாம். இந்தா, சொட்டு விட்டா விரல் ஒட்டிக்குமே, அது. புடிக்கும், ஆனா ஒரு தட்டு தட்டினா தெறிச்சிரும். அப்பறம் இது, ரெண்டு டியூபைக் கலக்கிப் போடறது. கப்பலே ஒட்டலாம்."

"ரெண்டு டியூபு வேணாம் பாய்."

"ஏன்யா?" என்றாள் ஜான்சி. "கப்பலே நிக்குதாம்."

டில்லிபாபுவுக்கு வேகம் வந்துவிட்டது. மரம் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவனுக்கு வரும் வேகம். "நாளைக்கு ஒரு வேலைன்னு கழட்டணும்னா பலகையோட பிச்சிகினு வரும் ஜான்சி. கிட்டாருன்னா பத்து வருஷத்துக்கு ஒரு தபா கழட்டித்தான் ஆவணும். கெட்டியா புடிக்கணும், கேட்டா உடணும். அதான் பசை. அப்பால, அது காஞ்சாலும் ரப்பரு மாதிரி ஒரு இது. சத்தத்த முழுங்கிடும்."

பாய் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிடித்துப்போய்விட்டது. "அப்ப உனக்கு வேண்டியது வஜ்ஜிரம். தோலைக் காய்ச்சி எடுக்கறது. காஞ்சா கண்ணாடி. சூட்டுக்கு அசையாது. வெந்நீர் காட்டினா விட்டுடும். ஒரு காலத்துல கிலோ கணக்குல வெச்சிருந்தேன். இப்ப ஆர்டர் போட்டாப் பத்து நாள் ஆவும்."

"சனிக்கிழம வேணும் பாய்."

"சனிக்கிழமைக்கு நான் மாட்டையா போய் உரிக்க முடியும்?" என்று சிரித்தவர், ஜான்சியின் கூடையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏம்மா, நீ மீன்காரம்மாவா? மீன்லயும் இதே பசை எடுப்பாங்களே. வயித்துக்குள்ள ஒரு காத்துப்பை இருக்குமே, அது பேரு என்ன?"

"நெட்டி," என்றாள் ஜான்சி.

சொன்ன அடுத்த நொடி அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நெட்டியா? கத்தாளை மீனை அறுக்கும்போதெல்லாம் நெட்டியைத் தனியாக எடுத்துக் காயவைத்து வாங்க வரும் ஏஜெண்டுக்குப் போடுகிறவள் அவள். எதற்கு வாங்குகிறான், எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுப் பரணில் ஒரு டப்பா நிறைய இருந்தது.

"யோவ், வாய்யா வூட்டுக்கு," என்று புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பாய் மற்ற பசைகளில் ஒவ்வொரு டப்பாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "எது நின்னுச்சுன்னு வந்து சொல்லணும்," என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

அன்று மதியம் அவர்கள் வீட்டு வாசலில் நடந்தது சமையலா, தச்சு வேலையா என்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. டப்பாவில் இருந்த நெட்டி மொத்தத்தையும் கத்தரியால் நறுக்கி ஊறப்போட்டார்கள். பெரிய பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் சின்னப் பாத்திரம், அதில் நெட்டி. டில்லிபாபு போனில் படித்துவிட்டு அடுப்பைக் குறைத்துக்கொண்டே இருந்தான். ஜான்சி கூட்டிக்கொண்டே இருந்தாள்.

"கொதிக்கக் கூடாது ஜான்சி. கொதிச்சா பசை செத்துரும்."

"கொதிக்காம எந்த மீனுய்யா வேவும்? எனக்கே மீனு ஆக்கச் சொல்லித் தர்றியா?"

"இது கொழம்பு இல்ல. வெரல வெச்சா சுடணும், ஆனா வெரல எடுக்கத் தோணக் கூடாது. அவ்ளதான் சூடு."

கடைசியில் அவளும் குந்தி உட்கார்ந்து விரல் வைத்துப் பார்த்தாள். கட்டியெல்லாம் கரைந்து தேன் நிறத்தில் ஒரு குழம்பு இறங்கியது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டினார்கள். டில்லிபாபு விரல் நுனியில் தொட்டு, இரண்டு விரலையும் ஒட்டி ஒட்டிப் பிரித்தான். நூல் நூலாக வந்தது. அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஜான்சிக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் நேராகக் கிட்டாரில் போட அவனுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பசைக்கும் இரண்டு மரத்துண்டு வெட்டி ஒட்டினான். ஒரு ராத்திரி காயவிட்டு, வியாழக்கிழமை காலையில் கூரை விளிம்பில் வரிசையாக அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டான். கத்திரி வெயில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அப்பளம் பொரிக்கிற சூட்டில் இருந்தது. குப்பத்தில் வேலையில்லாத கண் எல்லாம் அந்தக் கேன்களின் மேல்தான். மீன்பிடித் தடைக்காலம் வேறு, விசைப்படகுக்காரர்கள் சும்மாதானே இருக்கிறார்கள்.

பத்து மணிக்கு முதல் கேன் விழுந்தது. ஜான்சியின் கருவாட்டுப் பாயில் விழுந்து, வெடித்து, அத்தனையையும் நனைத்தது.

விழுந்தது மீன் பசை.

வெள்ளை விழுந்தது பன்னிரண்டரைக்குத்தான். மஞ்சள் விழவில்லை, ஆனால் ஒரு நூல் அளவு நகர்ந்திருந்தது. அந்த நூலே கிட்டாருக்குப் போதும், சுருதியைத் தின்றுவிடும். சொட்டுப் பசை, டில்லிபாபு விரலால் சுண்டியதும் தெறித்துவிட்டது. அவன் வேண்டாம் என்ற இரண்டு டியூப் மட்டும் மகாராஜாவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தான். திங்கட்கிழமைக்கு.

அதைப் பார்த்த ஜான்சி வாசலுக்கு வந்தாள். பிய்ந்து விழுந்த மரத்துண்டைக் கையில் எடுத்தாள். ஒரு ராத்திரி முழுக்கக் காய்ந்தும் பசை ஈரமாகப் பிசுபிசுத்தது. என்ன கேடு இதுக்கு? குழம்பில் ஏதாவது சரியில்லை என்றால் அவள் என்ன செய்வாளோ, அதையே செய்தாள். விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

கரித்தது.

தலையில் அடித்துக்கொண்டாள். கடலிலிருந்து எது வந்தாலும் ஜான்சியின் கையில் உப்பைப் பார்க்காமல் வெயிலைப் பார்க்காது. மீனோ, இறாலோ, சென்னாக்குன்னியோ, ஒரு கை உப்பை அள்ளி வீசிவிட்டுத்தான் காயப்போடுவாள். வீசுகிறோம் என்று அவளுக்கே தெரியாது, கை தானாக வீசும். நெட்டிக்கும் வீசியிருக்கிறாள்.

"யோவ்," என்று உள்ளே ஓடினாள். "உப்புய்யா. நான் உப்பு போட்டுத் தொலைச்சிருக்கேன். நக்கிப் பாரு."

டில்லிபாபு இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேல் வைத்தபடியே நக்கிப் பார்த்தான். கண் பெரிதாகிவிட்டது. "உப்பு காத்துல கீற ஈரத்தயெல்லாம் இழுக்குமே. அதுவும் கடலோரத்துல குந்திகினு கீறோம். அப்பால எங்கேர்ந்து காயும்?"

"அப்ப பசை மேல தப்பு இல்ல?"

"பசை மேல தப்பு இல்ல."

"என் மேல தான் தப்பு?"

பதினைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்தக் கேள்வியை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு டில்லிபாபு முட்டாள் இல்லை. "வேற நெட்டி கீதா?" என்று மட்டும் கேட்டான். டப்பா காலி.

சட்டை தீய்ந்த வாசனை வந்ததும்தான் இருவரும் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார்கள். முதுகில் முக்கோணமாக ஓட்டை. ஜான்சி அதைக் கொஞ்சம்கூடப் பொருட்படுத்தவில்லை. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள் என்றே சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை வெளுக்கிறபோதே அவள் கரையில் நின்றாள். ஃபைபர் படகுகள் மட்டும்தான் கடலுக்குப் போயிருந்தன. முதல் படகில் சங்கரா மீன். இரண்டாவதில் ஒன்றுமே இல்லை, வலை கிழிந்ததுதான் மிச்சம். மூன்றாவது கங்காதரனுடையது. மணலில் ஏறும் முன்பே முழங்கால் தண்ணீரில் இறங்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கங்காதரண்ணா, கத்தாளை கீதா?"

"கீது, கீது. கால எடு, படகு ஏறிடப் போவுது. ஏழு கீது. ஏஜெண்டு வர்றான், அவனுக்குத்தான்."

"எனக்குக் குடுண்ணா. மீனுக்கு நீ சொல்றதே வெலை."

"நெட்டிக்குத்தாம்மா அவன் வர்றதே. வாக்கு குடுத்துட்டேன்."

"வாக்கா? உன் பொண்ணு கல்யாணத்துக்குக் கட்டிலு செய்யறேன்னு எங்க ஆளு வாக்கு குடுத்தாரே, மூணு ராத்திரி கண்ணு முழிச்சி முடிச்சாரா இல்லயா? அந்தக் கட்டிலுதான் இன்னிக்கும் கீச்சுன்னு ஒரு சத்தம் போடாம கீது. போய் உன் மாப்பிளைய கேளு."

படகிலிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். கங்காதரனுக்குக் காது சிவந்துவிட்டது. "ஏய், இன்னா பேச்சு பேசற. எதுக்கு இப்ப உனக்கு நெட்டி?"

"கிட்டாருக்கு."

"எதுக்கு?"

அவள் சொல்லச் சொல்ல அவன் வலையைத் தட்டுவதையே விட்டுவிட்டுக் கேட்டான். "நம்ம மீனுல பாட்டு வருமா?" என்றான் கடைசியில்.

"வரும். ஞாயித்துக்கெழம ஆழ்வார்பேட்டையில வரும்."

ஏழையும் தூக்கி அவள் கூடையில் போட்டான். ஏஜெண்டை அவன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அங்கேயே மணலில் உட்கார்ந்து ஜான்சி வயிறு கீறினாள். நெட்டி ஒவ்வொன்றும் முத்து மாதிரி வெள்ளை வெளேர் என்று வந்தது. வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டு ஏணியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தது. கையை நம்ப முடியுமா?

இந்தத் தடவை அவள் அடுப்பைக் கூட்டவில்லை. ரத்தமும் சவ்வும் போகச் சுரண்டி, நாலு தண்ணீர் மாற்றி, விரல் சூட்டில் காய்ச்சினாள். டில்லிபாபு வயிற்றுப் பலகையில் பழைய பசையையெல்லாம் சுரண்டி வெறும் மரமாக்கினான். "குளிரு நாட்டுல மரத்த அடுப்புல காட்டிச் சூடு பண்ணுவாங்களாம், பசை சீக்கிரம் உறைஞ்சிடாம," என்றான். "நமக்கு இன்னா? கூரையே அடுப்பு." பசையைத் தடவி, கட்டையை வைத்து, இடுக்கியை முடுக்கினான். முடுக்கும்போது அலமாரிப் பழக்கத்தில் கை ஒரு சுற்று அதிகம் போகப் பார்த்தது. ஜான்சி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்யா. இருக்கற பசைய எல்லாம் பிதுக்கிடப் போற. உனக்கும் கை தானா போவுது பாரு."

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். மறுநாள் காலை வரை அதை யாரும் தொடவில்லை. ஜான்சி மட்டும் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கம்பி பூட்டினார்கள். கீர்த்தி வந்திருந்தாள். "சரி, எடுத்துக்கங்க," என்று டில்லிபாபு சொல்வான் என எதிர்பார்த்துக் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"கார் எங்கம்மா நிக்குது?"

"நிழல்ல போட்டிருக்கேன் அண்ணா."

"வெயில்ல போடு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நாளைக்கு ப்ரோக்ராம் அண்ணா. மறுபடியும் எழும்பிண்டுதுன்னா?"

"எழும்பினா இன்னிக்கே எழும்பட்டும். நாளைக்கு மேடையில எழும்ப வேணாம்." சொல்லிவிட்டு அவனே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

பெசன்ட் நகர் மணலோரத்தில், உச்சி வெயிலில், கண்ணாடியெல்லாம் ஏற்றிய காருக்குள் கிட்டார் படுத்திருந்தது. மூன்று பேரும் கவிழ்த்துப்போட்ட ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தார்கள். ஜான்சி மோர் கொண்டுவந்திருந்தாள். யாராலும் குடிக்க முடியவில்லை. கீர்த்திதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அக்கா, என்ன பசை போட்டேள் இந்தத் தடவை?"

ஜான்சி புருஷனைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்தான். "மீனு," என்றாள்.

கீர்த்தி திரும்பிக் காரைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயோ, எங்காத்துல கிட்டாரைப் பூஜை ரூம் வாசல்லதான் வெச்சுக்கறேன். அம்மாட்ட மட்டும் சொல்லிடாதேங்கோ."

"உங்க ஆத்துல மிருதங்கம் இல்லயா? அது தோலு எங்கேர்ந்து வருதாம்?"

"அதை அம்மாட்ட யாரும் கேட்டதில்லை அக்கா," என்றாள். மூன்று பேருமே சிரித்தார்கள். கொஞ்சம் மோர் உள்ளே இறங்கியது.

ஒன்றரை மணி நேரம். அதற்குள் ஜான்சி மாதாவுக்கு இரண்டு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள், பிறகு நாலாக்கினாள். டில்லிபாபு எழுந்தான். கார் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. கிட்டாரை வெளியே எடுத்து மடியில் வைத்தான். கட்டையைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. தலையைத் திருப்பிக்கொண்டு, "நீயே பாரு," என்றான்.

ஜான்சி பர்ஸைத் திறந்தாள். அதே பஸ் டிக்கெட். கட்டையின் விளிம்பில் வைத்துத் தள்ளினாள். மடங்கியது. அடுத்த பக்கம் வைத்துத் தள்ளினாள். அங்கேயும் மடங்கியது. சுற்றிச் சுற்றி நாலு பக்கமும் தள்ளிப் பார்த்தாள். டிக்கெட் கசங்கிப் போனதே தவிர, ஒரு மூலைகூட உள்ளே நுழையவில்லை. கண்ணீர் அவள் கண்ணை மறைத்தது. பேச்சு வரவில்லை. ஜான்சிக்குப் பேச்சு வரவில்லை என்று குப்பத்தில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

கீர்த்தி கிட்டாரை வாங்கி ஆறு கம்பியையும் ஒரு தரம் மீட்டினாள். சூட்டில் கம்பி கொஞ்சம் இறங்கியிருந்தது, முறுக்கிச் சரிசெய்தாள். மறுபடி மீட்டினாள். மணலில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணா," என்றாள், "முன்னைவிட நன்னா பேசறது அண்ணா." டில்லிபாபு பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வை வாங்கிக்கொண்டான். கையை எடுக்கவே இல்லை.

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. ஜான்சி எட்டி எடுத்துப் பார்த்தாள். நாவலூர் மதிவாணன்.

"நீயே பேசு," என்றான் டில்லிபாபு. "என் கை காலியா இல்ல."

ஜான்சி தொண்டையைச் செருமிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாரு, வணக்கம். நான் அவரு சம்சாரம் பேசறேன். அவரு திங்கக்கெழம வரமாட்டாருங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. அவள் மடங்கிப் போன டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இல்லீங்க, ஒடம்பு நல்லாத்தான் கீது. அவருக்கு வேலை கீது."